ஆணியில் தொங்கிய தம்ளர்

ஒருவரைத் தொடாமலேயே அவருக்கு நன்மை செய்துவிட முடியுமா? கையைக் கழுவிக்கொண்டு, தன் தம்ளரைத் தனியே வைத்துக்கொண்டு, ஓரடி தள்ளி நின்றபடியே இன்னொருவர் வாழ்வைக் கொஞ்சம் நேராக்க முடியுமா? செல்வநாயகியோடு பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாளாவது எழுந்திருக்கும். அவருக்கு எழுந்ததா என்பது தெரியாது. கேள்விகளை வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் நெஞ்சுநோய்க் கிளினிக் ஒன்றின் பதிவு முகப்பில் அவர் கிராணி, அதாவது எழுத்தர். வீடு கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில். காலையில் ஒரு ஃபெரி, மாலையில் ஒரு ஃபெரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்த தகப்பனுக்குப் பிறந்தவர். தகப்பனைப் போலவே நேரம் தவறாதவர், தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லாதவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

அவரைவிட அவருடைய பிளாஸ்க்கைத்தான் எல்லோருக்கும் தெரியும். நீல நிறம், மேலே கிண்ணம் போன்ற மூடி. அதில் வீட்டில் போட்ட மல்லிக் காப்பி இருக்கும். வெளியே எங்கும் எதையும் குடிக்கமாட்டார். கல்யாண வீடுகளில் வாழை இலை போட்டால் உட்கார்ந்து சாப்பிடுவார். இலை ஒருவர் உண்டபின் எறிவது. தம்ளர் அப்படி இல்லையே. சொந்த மாமா வீட்டிலேயே காப்பியை மறுத்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்தவர் என்று ஒரு கதை உண்டு. கதை இல்லை, உண்மைதான்.

மருந்து கொடுக்கும் முகப்பில் வேலை பார்த்த கமாலுக்கு அந்த பிளாஸ்க் அலுக்காத வேடிக்கை.

"அக்கா, இதுக்குப் பன்னிரண்டு வயசு ஆயிருக்குமே. அடையாளக் கார்டு, ஐசி எடுத்தாச்சா?"

"உன் வாய்க்கு ஒரு மூடி வாங்கு கமாலு. அப்புறம் என் பிளாஸ்க்கைப் பார்க்கலாம்."

நெஞ்சுநோய்க் கிளினிக்கில் வேலை பார்ப்பவர் அப்படி இருப்பது நியாயம்தானே என்பார்கள் சிலர். அது பாதி நியாயம். அங்கே வருகிற எல்லோருக்கும் காசநோய் இல்லை. புகையால் நெஞ்சு கெட்டவர்கள் பலர். சுருட்டும் சிகரெட்டும் ஒரு பக்கம். விறகடுப்பும், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகைகளும் இன்னொரு பக்கம். அந்த நோய் யாருக்கும் தொற்றுவதில்லை. செல்வநாயகிக்கு இது தெரியும். தெரிவது வேறு, கை நம்புவது வேறு.

எண்பத்திரண்டாம் வருஷம், ஒரு மாலை. ஃபெரியின் மேல்தட்டில் கம்பி ஓரமாக ஒருவர் நின்றிருந்தார். அன்று காலை முகப்பில் பெயர் கொடுத்தவர்தான்: பிச்சைமுத்து, ஜுருவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் புகைக்கொட்டகை வேலை. சுற்றும் முற்றும் பார்த்தார். கிளினிக் பையிலிருந்து, மருந்தை மூச்சுக்குள் பீய்ச்சும் பம்பை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு பம்பையும் பையையும் சேர்த்துக் கடலில் போட்டார்.

செல்வநாயகி எழுந்து அருகே போனார். அருகே என்றால் ஓரடி தள்ளி.

"அண்ணே, கை தவறிடுச்சா?"

பிச்சைமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார். அடையாளம் தெரிந்ததும் சிரித்தார். "இல்ல மிஸ்ஸி. போட்டேன்."

"நான் நர்ஸ் மிஸ்ஸி இல்ல, கிராணி. எதுக்குப் போட்டீங்க?"

"மாசாமாசம் போடுறதுதான். இந்நேரம் இங்க உள்ள மீனுக்கெல்லாம் மூச்சு நல்லா வரும் மிஸ்ஸி."

அவர் சிரிக்காததைக் கண்டு பிச்சைமுத்துவின் குரல் இறங்கியது.

"நெஞ்சு ஆஸ்பத்திரிப் பைய லயத்து வீடுங்கள்ல பார்த்தாங்கன்னா டிபின்னு முடிவு கட்டிருவாங்க. மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம். ஜுரு பேக்டரியில வேலை, நல்ல பையன். இந்தச் சமயத்துல நான் பம்பைத் தூக்கிக்கிட்டுத் திரியலாமா?"

"உங்களுக்கு டிபி இல்லன்னு டாக்டர் சொல்லலையா?"

"எனக்குச் சொன்னாரு. ஊருக்கு யாரு சொல்றது?"

கரையிறங்கி, மேட்டிலேறிப் பேருந்து நிறுத்தம் போவதற்குள் அந்த மனிதர் இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வநாயகி பின்னாலிருந்து பார்த்தார். மகளின் கல்யாணத்துக்காக மூச்சைக் கடலில் கொட்டுகிறார். இப்படியே போனால் கல்யாணத்தைப் பார்க்க இருக்கமாட்டார். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

மறுநாள் டாக்டர் சந்திரசேகரனிடம் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வரிசை வாசல்வரை நிற்கும்போது ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுக்க முடியும்?

"நான் இங்க சொல்றதெல்லாம் ஃபெரி ஜெட்டி வர்றதுக்குள்ள கரைஞ்சு போயிடுது. நீங்க அவங்களோட ஃபெரியிலேயே போறீங்களே. சொல்லிக் குடுங்களேன்."

"நான் கிராணி, டாக்டர்."

"கிராணி சொல்லக் கூடாதுன்னு சட்டமா?"

அவர் சொல்லிக்கொடுக்க, செல்வநாயகி ஒன்றுக்கு நாலு தடவை கேட்டுக்கொண்டார். தப்பாகச் சொல்லிவிட்டால் ஒருவர் மூச்சு அல்லவா? பம்பைக் குலுக்குவது, மூச்சை வெளியே விட்டபின் இழுப்போடு சேர்த்து அழுத்துவது, சற்று அடக்கி வைப்பது. மூச்சு முட்டினால் பதறி ஓடாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்து, கையைத் தொடையில் ஊன்றுவது. மூக்கால் இழுத்து, குவித்த வாயால் மெல்ல ஊதுவது. கடைசியாகச் சொன்னதைத் தன் பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றிவைத்துப் பழகினார். காப்பி அலைய வேண்டும், சிந்தக் கூடாது.

அப்படித்தான் மாலை ஃபெரியில் அந்த வகுப்பு தொடங்கியது. யாரும் அதை வகுப்பு என்று சொல்லவில்லை. கிளினிக் நாட்களில், மேல்தட்டில் காற்று குறைந்த பக்கத்துப் பெஞ்சில், தோட்டங்களுக்கும், கம்பங்கள் எனப்படும் கிராமங்களுக்கும் திரும்புகிறவர்கள் உட்காருவார்கள். எதிரே செல்வநாயகி.

"காப்பிய ஆத்துங்க. அவசரப்படாதீங்க, இது உங்க மாமியார் வீட்டுக் காப்பி இல்ல, கொஞ்சம் சூடா இருக்கும்."

கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு வரிசை மனிதர்கள் காற்றை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஃபெரி ஊழியர் ஒருவர் இது ஏதோ இந்து பூஜை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். மணியடித்ததும் சரிவுப்பாலத்தில் ஓடுகிறவர்களைச் செல்வநாயகி கையமர்த்துவார்: "ஓடாதீங்கண்ணே. அடுத்த ஃபெரி வரும்."

பிச்சைமுத்துவும் வந்து உட்கார்ந்தார், ஊதினார், சிரிக்க வைத்தார். கரை வரும்போது பம்பு கடலுக்குள் போனது.

"இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி. வீட்டுல சூசா லா. ரொம்பக் கஷ்டம்."

அப்படியானால் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டியதுதான் என்று செல்வநாயகி முடிவு செய்தார். டாக்டர் பேசி, தோட்டத்தில் அனுமதி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கமாலின் பழைய காரில், நுரையீரல் படம் போட்ட அட்டைகளோடு போனார்கள். மாரியம்மன் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நல்ல கூட்டம். மாப்பிள்ளையின் அத்தை சின்னப்பொண்ணும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. வளர்த்தவள் அவள்தான், சம்மதம் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

தேநீர் கொடுத்தார்கள். கமால் வாங்கிக் குடித்தான். செல்வநாயகி கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்றார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. புகை எப்படி மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது, இது ஏன் காசநோய் இல்லை, ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஏன் தொற்றாது, நோயாளி இருக்கும் அறையில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை ஏன் வாசலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்—எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் தொண்டை வறண்டது. பழக்க தோஷம், பையைத் திறந்து பிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் ஊற்றி, இரண்டு வாய் குடித்து, துணியால் துடைத்து மூடினார்.

சின்னப்பொண்ணு எழுந்து நின்றாள்.

"ஏம்மா, ஒட்டாத சீக்குன்னு சொல்றீங்க. சரி. அப்ப எங்க தோட்டத்துத் தேத்தண்ணி மட்டும் ஏன் உங்க தொண்டையில இறங்க மாட்டேங்குது?"

கூட்டம் சிரித்தது. "சிலோன்காரங்கல்ல, அப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது... என்னோட பழக்கம்மா" என்றார் செல்வநாயகி.

"எங்களுக்கும் இது பழக்கந்தாம்மா."

அதற்குமேல் படங்களை யாரும் பார்க்கவில்லை. பிச்சைமுத்து மண்டபத்தின் கடைசியில் குனிந்து உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி கையைத் தொடையில் ஊன்றி ஊதிக்கொண்டிருந்தார். பெண்கள் பிள்ளைகளை அவரிடமிருந்து தள்ளி இழுத்துக்கொண்டார்கள். யாருக்குச் சந்தேகம் இல்லாமல் இருந்ததோ, அவர்களுக்கும் அன்று வந்துவிட்டது.

திரும்பும் வழியில் கமால் பிளாஸ்க் இருந்த பையை அடிக்கடி திரும்பிப் பார்த்தான். 

"சொல்லு" என்றார் செல்வநாயகி.

"நீங்க பேசுனது சரிதாங்கா. பிளாஸ்க் வேற பேசிருச்சு."

அடுத்த மாதம் பிச்சைமுத்து கிளினிக்குக்கு வரவில்லை. அவர் மனைவி அஞ்சலை வந்தாள். முகப்பில் நின்று, யாரும் கேட்காதபடி சொன்னாள்: "படுக்க முடியலம்மா, உட்கார்ந்தேதான் தூங்குறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல முடிவு சொல்ல வர்றாங்க. அது தெரியாம மருந்தைத் தொட மாட்டாராம். மருந்து வேணாம், மகளுக்கு நல்ல சேதி வந்தாப் போதுங்கிறாரு."

"மக கோமளா என்ன சொல்லுது?"

"அப்பா உசிரை வித்து எனக்குத் தாலியான்னு கேட்டு அழுவுது. அவரு காதுல விழல."

அந்த ஞாயிறு செல்வநாயகி தனியாகப் போனார். பட்டர்வொர்த்திலிருந்து பேருந்து, பிறகு செம்மண் பாதையில் நடை. கைப்பையில் ஒரு பம்பு. பிளாஸ்க் வீட்டிலேயே இருந்தது. தோட்டம் வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முன்னறையில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பொண்ணு நடுவில். அவரைக் கண்டதும், "வாங்க சிலோன் அக்கா. பிளாஸ்க் எங்க, அன்னைக்கு வந்த கெரேத்தாவுல இருக்கா?" என்றாள்.

"பஸ்ஸுலதான் வந்தேன்" என்று மட்டும் சொன்னார் செல்வநாயகி.

பிச்சைமுத்து பின்வாசலை ஒட்டி ஒரு முக்காலியில் தனியாக இருந்தார். தன் மகளைப் பற்றிய பேச்சை அடுப்படிக்கு வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பன். அவருக்கு மேலே கதவுச் சட்டத்தில் ஓர் ஆணி; அதில் ஒரே ஓர் எனாமல் தம்ளர், மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தொங்கியது. அது யாருக்கு, எதற்கு என்று செல்வநாயகி கேட்கவில்லை. அவர் சிறுமியாக இருந்தபோது அவர் வீட்டிலும் அப்படி ஒரு தம்ளர் இருந்தது. அதில் குடித்தவரைப் பற்றி அவர் எவரிடமும் பேசியதில்லை.

அஞ்சலை எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளர்களில் தேநீர் கொண்டு வந்தாள். செல்வநாயகிக்கு நீட்டத் தயங்கினாள்.

"அண்ணனுக்குக் குடுத்தாச்சா?"

அஞ்சலை ஆணியிலிருந்து தம்ளரை எடுத்து, புருஷன் கையில் கொடுத்து, அது எதிலும் படாமல் உயரத்திலிருந்து தேநீரை ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள். பழகிய கை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

செல்வநாயகி போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஓரடி தள்ளி அல்ல.

"ஊதிக் குடிங்கண்ணே. நான் சொன்ன மாதிரி."

பிச்சைமுத்து ஊதினார். மூக்கால் இழுத்து, வாயைக் குவித்து. தேநீர் அலைந்தது, சிந்தவில்லை. நாலு வாய் குடித்தார். மூச்சு சற்று அடங்கியது.

"போதும். குடுங்க."

கீழே வைக்கத்தான் கேட்கிறார் என்று அவர் கொடுத்தார். செல்வநாயகி அதை வாங்கிக் குடித்தார். அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்ளவில்லை. அப்படிக் குடித்திருந்தால் அங்கே யாருக்கும் எதுவும் விளங்கியிருக்காது. பிச்சைமுத்து குடித்த விளிம்பிலேயே வாய் வைத்துக் குடித்தார்.

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை என்று பின்னால் அந்தத் தோட்டத்தில் சொல்லிக்கொண்டார்கள். அப்படி இல்லை. முகம் சுளித்தது. கண்ணில் நீர் முட்டியது. முதல் வாய் தொண்டையில் நின்று, இறங்க மறுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை இறக்கினார். இரண்டாவது வாய் அவ்வளவு கடினமாக இல்லை. அடிவரை குடித்தார். பிறகு எழுந்து, தம்ளரை ஆணியில் மாட்டாமல், முன்னறைத் தட்டில் மற்றத் தம்ளர்களோடு வைத்தார். பையிலிருந்து பம்பை எடுத்துப் பிச்சைமுத்துவின் மடியில் வைத்தார்.

"இப்பக் கேளுங்க" என்றார் சின்னப்பொண்ணைப் பார்த்து.

லயத்து ஜன்னல்களில் பக்கத்து வீட்டுத் தலைகள் நிறைந்திருந்தன. எல்லோரும் சின்னப்பொண்ணின் வாயையே பார்த்தார்கள். அவள் தன் கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பம்பு" என்றாள் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர்கிட்டக் கிடைக்குமா, இல்ல பினாங்குக்குத்தான் வரணுமா?"

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. ரெண்டு வருஷமா இப்படித்தான் இழுக்குது. மறைச்சு வச்சிருக்கேன்."

 பிச்சைமுத்து, பின்வாசலில் இருந்தபடியே, "சம்மந்தி, அப்ப அவருக்கும் ஒரு ஆணி அடிச்சாச்சா?" என்று கேட்டார். சின்னப்பொண்ணு சிரித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "முக்காலிய இங்க தூக்கிட்டு வாங்கண்ணே. பொண்ணுக்கு அப்பா நடுவுல உட்கார வேணாமா?" என்றாள்.

நடந்ததைப் பெரிதாக்க வேண்டியதில்லை. அரைத் தம்ளர் தேநீர். தியாகம் என்ற சொல்லை இது தாங்காது. பிச்சைமுத்துவின் நுரையீரல் அதனால் புதிதாகிவிடவில்லை. புகைக்கொட்டகையும் புகைவதை நிறுத்தவில்லை. ஆனால் அவர் டிரஸரிடம் தானே போய், இன்ன நோய் என்று சொல்லிக் கேட்டு, காவல் வேலைக்கு மாறிக்கொண்டார். அடுத்த கிளினிக் நாளில் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மருந்துப் பைகளை மடித்து மறைக்காமல், கையில் பிடித்தபடி ஃபெரி ஏறினார்கள். மீன்களுக்கு அன்றோடு மருந்து நின்றது என்றான் கமால்.

கோமளாவின் கல்யாணம் வைகாசியில் அதே மண்டபத்தில் நடந்தது. செல்வநாயகி வந்திருந்தார், பிளாஸ்க்கோடு. எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. பந்தி முடிந்து அவர் மூடியில் காப்பியை ஊற்றும்போது, பட்டு வேட்டியும் சட்டைப்பையில் பம்புமாகப் பிச்சைமுத்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மிஸ்ஸி, அன்னைக்கு என் தேத்தண்ணியக் குடிச்சிட்டீங்க. கணக்குப்படி உங்க காப்பி எனக்கு வரணுமே?"

சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வநாயகி மூடியை அவரிடம் நீட்டினார். தன்னைத் தவிர வேறெவர் உதடும் பட்டிராத மூடி. பிச்சைமுத்து முறையாக ஊதி, ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். "மல்லி போட்டிருக்கு. சூப்பு மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

மாலையில் செல்வநாயகி கிளம்பியபோது பிளாஸ்க் அங்கேயே, மேசைமேல் இருந்தது. கோமளா அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினாள். அவர் திரும்பிப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். திங்கட்கிழமை புதிய பிளாஸ்க்கோடு வேலைக்கு வந்தார்.

அதன்பிறகு அவர் ஞாயிறுகளில் போன தோட்டங்களும் கம்பங்களும் பல. தீவுக்குக் கடல்மேல் பாலம் திறந்து பலர் பேருந்துக்கு மாறிய பிறகும், மூச்சு நோயாளிகள் ஃபெரியைத்தான் விரும்பினார்கள். பல இடங்களில் அவருக்கு முன்னால் பிச்சைமுத்து போய், பம்பைச் சட்டைப்பையிலிருந்து பேனாவைப் போல எடுத்துக்காட்டிப் பேசினார். தொண்ணூற்றிரண்டில் அவர் கண்மூடியபோது தன் கட்டிலில், பேரப்பிள்ளைகள் நடுவே, எல்லோரும் குடிக்கும் தம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார் என்று கோமளா வந்து சொன்னாள். தலை நிமிர்ந்துதான் சொன்னாள். அந்த எனாமல் தம்ளர் எங்கே போனது என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. நீல பிளாஸ்க் மட்டும் கண்ணாடி அலமாரியில் இருந்தது. மிஸ்ஸி கொடுத்த சீர் என்பார்கள்.

இத்தனை வருஷத்திலும் அந்த அரைத் தம்ளர் தேநீருக்குப் பிறகு செல்வநாயகி வேறொருவர் தம்ளரில் குடித்ததாக யாரும் பார்க்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற நாளில் கிளினிக்கில் சிறிய விருந்து. எல்லோரும் கிளம்பிய பிறகு, இப்போது தலை நரைத்த கமால் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னைக்காச்சும் சொல்லுங்க லா. அந்தப் பழைய பிளாஸ்க்கை அங்க விட்டுட்டு வந்தது, அண்ணனுக்குக் குடுக்கணும்னா? இல்ல, எச்சில் பட்டுருச்சுன்னா?"

செல்வநாயகி மூடியில் காப்பியை ஊற்றினார். மெல்ல ஊதி, அடிவரை குடித்தார். துணியால் துடைத்து, பிளாஸ்க்கை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஃபெரிக்கு நேரமாச்சு கமாலு" என்றார்.